முட்டி வலியோடு லாவோவில் நடக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஊர் கம்பம் பக்கம். வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கப் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டவர். இப்போது தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். மகளும் மருமகனும் சுவிட்சர்லாந்தில் பேர்ன் நகரத்தில் இருக்கிறார்கள். வரும் செப்டம்பர் கடைசியில் அங்கே போய் மூன்று வாரம் தங்கப் போகிறோம். மகள் ஒரு படம் அனுப்பினாள். ஏரிக்கரையில் மலை முழுக்கத் தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி திராட்சைத் தோட்டம். லாவோ என்று பெயராம். 'இதை நடந்துதான் பார்க்கணும்' என்று இவர் பிடிவாதமாக இருக்கிறார். ஆனால் இவருக்கு வலது முட்டியில் தேய்மானம். சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார், படி என்றால் சிரமம். ரயிலில் மேலே போய் இறங்கிக் கீழே நடந்து வந்துவிடலாம், ஏறவே வேண்டாம் என்கிறார் மருமகன். அது சரிதானா? நாங்கள் மது தொடாதவர்கள், சைவம். ஒயினுக்குப் பேர்போன இடத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது? இவர் கேட்கச் சொன்னது இன்னொன்று: இவ்வளவு சுவர் கட்டி மலையில் எதற்குத் திராட்சை? சமவெளியில் போட்டால் ஆகாதா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: மருமகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஊரே அப்படித்தான் சொல்லும். ஆனால் தேய்ந்த முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று ஆற்றிக்கொள்ளலாம். இறங்கும்போது உடம்பின் பாரம் ஒவ்வோர் எட்டுக்கும் முட்டியில் வந்து விழும். மருமகன் மனதில் இருப்பது ஷெப்ர் என்ற மேட்டு ஊராக இருக்க வேண்டும். ஏரி மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் அங்கே ஒரு ஸ்டேஷன் உண்டு. அங்கிருந்து கீழே ரிவா என்ற ஊருக்கு இறங்கும் வழி செங்குத்து. போதாததற்கு லாவோவின் தோட்டத்துப் பாதைகள் பெரும்பாலும் மண்பாதை அல்ல, சிமென்ட்டும் தாரும் போட்டவை. அந்தச் சரிவில் உங்கள் வீட்டுக்காரர் அரை மணி நேரம் இறங்கினால் மறுநாள் முழுக்கக் கட்டிலில்தான் இருப்பார்.

உங்களுக்கு வேண்டியது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மலையின் இடுப்பைச் சுற்றிக் குறுக்கே நடப்பது.

வழியைச் சொல்வதற்கு முன் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொண்டு நடந்தால்தான் அங்கே பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். இல்லையென்றால் பச்சைப் பசேலென்று நாலு போட்டோவோடு முடிந்துவிடும்.

லோசான் நகரத்தின் கிழக்கு எல்லையிலிருந்து மோந்த்ரோ பக்கத்து ஷியோன் கோட்டை வரை, ஜெனீவா ஏரியின் வடகரையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த அடுக்குத் தோட்டங்கள் இருக்கின்றன. 2007இல் யுனெஸ்கோ இதில் 898 ஹெக்டேரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கரை தெற்கே பார்த்த சரிவு. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை; பந்தலின் இலைகள் குலைகளுக்கு நிழல்கூடக் கொடுக்கின்றன. அங்கே நிலைமை தலைகீழ். பூமத்திய ரேகையிலிருந்து 46 டிகிரி வடக்கே, வெயில் சாய்ந்து விழுகிற நாட்டில், ஒவ்வொரு கதிரையும் தேடிப் பிடித்தாக வேண்டும். சமவெளியில் சாய்ந்து விழுந்து பரவிப்போகிற வெயில், தெற்கே பார்த்த சரிவில் நேராக வந்து தாக்கும். ஏரி ஒரு பெரிய வெந்நீர் அண்டா. கோடையில் வாங்கிய சூட்டைக் குளிர்காலம் வரை மெல்ல விட்டுக்கொண்டே இருப்பதால் கரையில் உறைபனி குறைவு. 'எங்களுக்கு மூன்று சூரியன்' என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையடிப்பார்கள். வானத்துச் சூரியன் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது இரண்டு, பகலெல்லாம் காய்ந்த கற்சுவர் ராத்திரி விடும் சூடு மூன்று. சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டன. இரண்டாவது சூரியன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மூன்றாவதை ஐயா தன் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். மாலையில் ஒரு சுவரைத் தொட்டால் போதும்.

ஆனால் சுவரின் முதல் வேலை சூடு பிடிப்பதல்ல, மண்ணைப் பிடிப்பது. அவ்வளவு செங்குத்தில் சுவர் இல்லாமல் கொடி நட்டால் நாலு மழைக்கு மேல்மண் முழுக்க ஏரிக்குப் போய்விடும். சுவர் கட்டியும் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து சேரத்தான் செய்யும். அந்தக் காலத்தில் குளிர்காலம் முடிந்ததும், கீழே சேர்ந்த மண்ணை வெட்டி முதுகுக் கூடையில் சுமந்து மேல் அடுக்கில் கொட்டுவது அங்கத்திய விவசாயிகளின் வருஷ வேலை. இப்போது சில தோட்டங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி வண்டியைப் பார்ப்பீர்கள். ஒரு ஆள் உட்கார இடம், பின்னால் பெட்டிகள். ஏணி சாய்த்த மாதிரியான சரிவில் அது பாட்டுக்கு ஊர்ந்து ஏறும். ஐயாவுக்கு அதைப் பார்ப்பதே ஒரு அரை மணி நேரம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சுவர்களின் மொத்த நீளத்தை நானூறு கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். அடுக்குகளின் வரலாறு 11ஆம் நூற்றாண்டு வரை போகிறது. அப்போது இந்தச் சரிவுகள் கிறிஸ்தவ மடங்களின் கையில் இருந்தன. 12ஆம் நூற்றாண்டில் லோசான் பிஷப்பிடம் நிலம் பெற்ற சிஸ்டர்சியன் துறவிகள் தெசாலே என்ற செங்குத்துச் சரிவைத் திருத்தினார்கள். அங்குள்ள இரண்டு தோட்டங்களின் பெயரில் இன்றும் மடமும் துறவிகளும் இருக்கிறார்கள். உரிமை மட்டும் லோசான் மாநகராட்சியிடம். இதைப் படித்துவிட்டு, பார்க்கிற கல்லெல்லாம் தொள்ளாயிரம் வருஷத்துக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். சுவர் சரியும், திரும்பக் கட்டுவார்கள், மறுபடி சரியும். நீங்கள் தொடும் சுவர் தாத்தா காலத்தில் கட்டியதாக இருக்கலாம், சில இடங்களில் கான்கிரீட்கூட. கொடிகளும் பழையவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பா முழுக்கத் திராட்சை வேரைத் தின்ற பைலாக்சரா பூச்சி இங்கேயும் வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். பழையது அந்த வேலை, அந்த அடுக்குகளின் அமைப்பு.

இவையெல்லாம் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு மனிதரின் பிடிவாதமும் காரணம். 1970களில் லோசானிலிருந்து வீடுகளும் அடுக்குமாடிகளும் இந்தப் பக்கம் நகர ஆரம்பித்தன. சரிவின் மேல்பக்கமாக நெடுஞ்சாலையும் வந்துவிட்டது. ஃப்ரான்ஸ் வெபர் என்ற சூழலியலாளர் கையெழுத்துத் திரட்டி, 'லாவோவைக் காப்பாற்றுவோம்' என்று வோ மாநிலம் முழுக்க வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். 1977இல் மக்கள் ஆதரித்தார்கள். 2005இல் மறுபடியும் ஆதரித்தார்கள். இன்னும் இறுக்கமான விதிகளோடு 2014இல் மூன்றாம் முறை வந்தபோது நிராகரித்துவிட்டார்கள். தோட்டக்காரர்களிலேயே பலர், 'நாங்கள் மியூசியத்தில் வாழவில்லை' என்கிற கட்சி. சரியான கட்சிதான். சாய்ந்த சுவரை நிமிர்த்தும் செலவு அவர்கள் தலையில் அல்லவா விழுகிறது?

மது தொடாதவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, மேலே சொன்ன அத்தனையும் இருக்கிறது. குடிப்பதற்காக மட்டும் வருகிறவர்கள் ரிவாவில் ஏரிச்சாலையோரம் உள்ள வினோராமா என்ற சுவைக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டுச் சுவரைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அதே இடத்தில் ஒரு தோட்டக்காரரின் வருஷத்தைக் காட்டும் படம் ஓடும். நீங்கள் அந்தப் படத்தை மட்டும் பார்க்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஐயாவுக்கு ஒரு தகவல்: அங்கே பெரும்பாலும் ஷாஸ்லா என்ற ஒரே வெள்ளை ரகம்தான். பந்தல் கிடையாது, இடுப்பளவு உயரத்தில் கம்பியில் கட்டுவார்கள். கம்பத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை, அதுவும் கையால். செப்டம்பர் பின்பாதி, அக்டோபர் முதல் வாரம் என்று வெயிலுக்குத் தக்கபடி நாள் குறிப்பார்கள். அதனால் நீங்கள் போகும் நேரம் அறுவடையாகவே அமையலாம். பறவைகளுக்குப் பயந்து கொடி வரிசைகளை வலை போட்டு மூடியிருப்பார்கள். போட்டோ எடுக்கிறவர்களுக்கு அது எரிச்சல், விவசாயிக்கு அல்ல. வரிசைக்குள் இறங்காதீர்கள், ஒரு பழம்கூடக் கிள்ளாதீர்கள். டிராக்டர் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நில்லுங்கள். பாதை அவர்கள் வேலைக்காகப் போட்டது, நாம்தான் அதில் விருந்தாளி.

இனி வழி.

வழக்கமாக எல்லாரும் நடப்பது சான் சஃபோரானிலிருந்து லூத்ரி வரை, 11 கிலோமீட்டர் சொச்சம், மேற்கு நோக்கி. உங்களுக்கு அது வேண்டாம். மேற்கு நோக்கிப் போனால் பிற்பகல் முழுக்க வெயில் கண்ணில் அடிக்கும். நீங்கள் கியூலி என்ற ஊரில் தொடங்கிக் கிழக்கே நடங்கள். பேர்னிலிருந்து காலை ஒன்பது மணி வாக்கில் லோசான் ரயில் ஏறி இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். புய்தூ தாண்டி ஒரு சுரங்கத்தை விட்டு ரயில் வெளியே வரும்போது, ஏரி முழுசாகக் காலடியில் விரியும். ஊர் சுற்றி வந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடும் இடம் அது. லோசானில் மாறிக் கரையோரம் போகும் சின்ன ரயிலைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கியூலி.

கியூலிக் கரையில் தாவெல் என்பவரின் நினைவுத் தூண் இருக்கும். பேர்ன்காரர்கள் 1536இலிருந்து 1798 வரை இந்தப் பகுதியை ஆண்டார்கள். தாவெல், 1723இல் அவர்களை எதிர்த்துக் கிளம்பியதற்காகத் தலையை இழந்தவர். மகள் பேர்னில் இருக்கிறாள் என்பதை அந்த இடத்தில் உரக்கச் சொல்ல வேண்டாம்.

கியூலியிலிருந்து ரியேக்கு மெல்லிய ஏற்றம். அவசரமில்லாமல் போனால் அரை மணி நேரம். ரியேவில் ஊற்றடியில் உட்காருங்கள். அந்த ஊர்களின் கல் தொட்டிக் குழாயில் வருவது பொதுவாகக் குடிநீர்தான். குடிக்கக்கூடாது என்றால் பலகை வைத்திருப்பார்கள். அங்கிருந்து எபெஸ் இன்னொரு அரை மணி நேரம், அதிக ஏற்ற இறக்கம் இல்லாமல். சாப்பாட்டு நேரத்துக்கு எபெஸில் இருப்பீர்கள். அதற்குப் பிறகு வெயில் மெல்ல முதுகுப் பக்கம் போய்விடும், முன்னால் ஏரியின் மேல்கோடியும் பனிமலைகளும் வெளிச்சத்தில் நிற்கும். ஏரிக்கு அந்தப்புறம் தெரிவது பிரான்ஸ்.

எபெஸ்தான் முடிவெடுக்கும் இடம். ஐயாவின் முட்டி முணுமுணுத்தால் வந்த வழியே கியூலிக்குத் திரும்பிவிடுங்கள். எபெஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமே என்று வரைபடம் ஆசை காட்டும். ஊர் மேலே, ஸ்டேஷன் ஏரிக்கரையில். நடுவில் அதே சண்டாளச் சரிவு. முட்டி ஒத்துழைத்தால் கிழக்கே தொடருங்கள். லாவோவின் உயிர் அங்கேதான், கலமான், தெசாலே என்ற சரிவுகளில். ஒரு பக்கம் தலைக்கு மேல் சுவர், இன்னொரு பக்கம் காலுக்குக் கீழே சுவர், அதற்கும் கீழே நீலமாக ஏரி. இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். கடைசியில் ரிவாவுக்கு ஓர் இறக்கம் உண்டு, அதைத் தவிர்க்க முடியாது. மஞ்சள் வழிகாட்டிப் பலகை எங்காவது படிக்கட்டைக் காட்டினாலும் நீங்கள் வளைந்து போகும் வண்டிப் பாதையிலேயே போங்கள். ஊன்றுகோல் இரண்டு, நுனியில் ரப்பர் வைத்தது, மகளிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கனத்த மலையேற்ற பூட்ஸ் தேவையில்லை. சிமென்ட் பாதைக்கு மெத்தென்ற அடிப்பகுதி உள்ள நடைச் செருப்போ ஷூவோதான் நல்லது. தொப்பி அவசியம். செப்டம்பர்தானே என்று நினைக்காதீர்கள்; அந்தச் சுவர்களுக்கு நடுவில் மர நிழல் அபூர்வம்.

சாப்பாடு விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள். கிராமத்து ஓட்டல்களில் மதிய அடுப்பு இரண்டு மணிக்கு அணைந்தால் மாலை வரை எரியாது. அங்கே பேர்போனது ஏரி மீன். சைவம்தானே என்று சீஸ் ஃபாண்ட்யூ சொல்லிவிடாதீர்கள், சீஸை உருக்குவதே வெள்ளை ஒயினில்தான். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டி எடுத்துப்போய்ச் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. சுவிஸ்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

சான் சஃபோரானை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். குறுகலான சந்துகள் கொண்ட அழகான ஊர். அதன் தேவாலயத்துக்குள் கி.பி. 47ஐச் சேர்ந்த ரோமானிய மைல்கல் ஒன்று நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு ரயிலில் வெவே போங்கள். பக்கத்திலேயே கொர்சோவில், 1923-24இல் லெ கொர்புசியே தன் பெற்றோருக்காக ஏரி ஓரத்தில் கட்டிய குட்டி வீடு இருக்கிறது. சண்டிகரை வடிவமைத்தவர் அவர்தான். அந்த வீடும் சண்டிகரின் கேபிடல் வளாகமும் 2016இல் ஒரே பட்டியலில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துவிட்டுப் போங்கள். சார்லி சாப்ளின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடும் வெவேக்கு மேலேதான், இப்போது மியூசியம். திரும்பும்போது வெவேயிலிருந்து புய்தூவுக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஏறிப்போகும் குட்டி ரயிலைப் பிடித்தால், மருமகன் மனதில் இருக்கும் ஷெப்ரையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். அதுவும் முடியாத நாளில், லூத்ரி, கியூலி பக்கமிருந்து டயர் சக்கரத்தில் ஓடும் சுற்றுலா வண்டி உண்டு. அதில் ஏற வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் சுவரைத் தொட முடியாது.

தேதியை இப்போதே குறிக்காதீர்கள். மழை நாளில் ஏரியும் தெரியாது, சிமென்ட் பாதை வழுக்கவும் செய்யும். தள்ளுபடி டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். அதற்குப் பதில் அரைக்கட்டண அட்டை எடுத்துக்கொண்டு, முதல் நாள் இரவு வானிலையைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள். வடகிழக்கிலிருந்து பீஸ் என்ற காற்று வீசினால் குளிரும், ஆனால் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அன்றைக்கே போய்விடுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஐயாவை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டித் தொடைத் தசைக்கான பயிற்சியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக் கூட்டத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.